சீட்டு மேஜையும் சட்ட மேஜையும்

பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் மசோதா 2025 ஆகஸ்டு 20-ந் தேதி லோக்சபையிலும், மறுநாள் ராஜ்யசபையிலும் நிறைவேறிற்று. 22-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்தது. ரம்மி, போக்கர் முதலிய சீட்டாட்டங்களைக் கைப்பேசியில் நடத்திப் பெரும் பணம் திரட்டிவந்த கம்பெனிகள் மூன்றே நாட்களில் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. இத்தனை பெரிய வியாபாரத்தை ஒரே அடியில் வீழ்த்திய இச்சட்டத்தின்மீது, விவாதம் என்று சொல்லத்தக்க விவாதம் இரு சபைகளிலும் நடைபெறவில்லை. கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் நடுவில் குரல் வாக்கெடுப்பால் மசோதா கரையேறிற்று.

சட்டத்தின் நோக்கம் நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த நோக்கத்தை அடையும் வழியைச் சட்டம் செய்தவர்கள் யோசித்திருக்கிறார்களா என்பதே நமது கேள்வி. இக்கேள்விக்கு விடை காண, தடுக்கப்பட்ட ஆட்டங்களுள் ஒன்றான போக்கரையே நாம் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு பந்தயம் வைக்குமுன் "இது எதற்காக?" என்று கேட்பதும், "இதற்கு அடுத்தபடி என்ன வரும்?" என்று கேட்பதும் அவ்வாட்டத்தின் உயிர். அவ்விரண்டு கேள்விகளையும் ஆட்டக்காரனைக் கேட்பதோடு நில்லாமல் பார்லிமெண்டையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதிர்ஷ்டமும் சாமர்த்தியமும்

அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது சூது, சாமர்த்தியத்தை நம்பி ஆடுவது சூதன்று என்பதே நம் நாட்டு நியாயஸ்தலங்கள் நெடுங்காலமாக அனுசரித்துவந்த அளவுகோல். 1867-ஆம் வருஷத்துப் பொதுச் சூதாட்டச் சட்டமே வெறும் சாமர்த்திய விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்திருந்தது. சாமர்த்தியத்தால் வெற்றி நிர்ணயமாகும் போட்டிகள் சூதாட்டம் ஆகா என்றும், அவற்றை நடத்துவது வியாபார சுதந்திரத்தில் அடங்கும் என்றும் 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. ரம்மி பிரதானமாகச் சாமர்த்திய ஆட்டமே என்று 1968-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளியான சத்தியநாராயணா வழக்கு முடிவு செய்தது. சென்னையிலிருந்து சென்ற லட்சுமணன் வழக்கில் 1996-ல் குதிரைப் பந்தயத்துக்கும் அதே அந்தஸ்து கிடைத்தது.

தமிழ்நாட்டில் நடந்ததும் இவ்வழக்குகளின் நீட்சியே. கடன்பட்டு மனமுடைந்து இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்ததன்மேல், 2020 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. அதன் வழிவந்த 2021-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சென்னை ஹைகோர்ட் அவ்வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி ரத்துச் செய்தது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு ஒன்று நியமிக்கப்பட்டு, மறுபடியும் அவசரச் சட்டம், மசோதா, கவர்னர் திருப்பியனுப்பியது, சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது என்று பல படிகள் ஏறி 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அவ்வருஷம் நவம்பர் 9-ந் தேதி ஹைகோர்ட் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் சாமர்த்திய ஆட்டங்களாதலால் அவற்றைத் தடுப்பது செல்லாது என்றது. பின்னர் 2025-ல் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆட்டம் கூடாது என்ற விதி வந்தது. அவ்விதியை ஜூன் மாதத்தில் ஹைகோர்ட் ஆதரித்தது.

இவ்வளவு நுட்பமாக வளர்ந்துவந்த பாகுபாட்டைத்தான் பார்லிமெண்ட் ஒரே வாக்கியத்தில் துடைத்தெறிந்தது. சாமர்த்தியமோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவாயினும் கூடாது என்பது புதிய சட்டம். நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இச்சட்டத்தை எதிர்த்துப் பல ஹைகோர்ட்டுகளில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது.

கம்பெனிகளின் வாதம் முழுவதும் "சாமர்த்தியம்" என்ற ஒரே சொல்லின்மீது நிற்கிறது. அச்சொல்லை மறுத்துக் கூச்சலிடுவதைவிட, அதை ஒப்புக்கொண்டு ஆராய்வதே நேர்மை. போக்கரில் சாமர்த்தியம் உண்டா? உண்டு. அது எத்தகையது என்று பார்ப்போம்.

எதற்காக இந்தப் பந்தயம்?

இணையத்தில் பெரிதும் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டெம் என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். திறப்பதற்கு முன்பும் ஒவ்வொரு திறப்புக்குப் பின்பும் பந்தயம் கட்டலாம், எதிரி கட்டியதற்கு ஈடாகக் கட்டலாம், மேலும் ஏற்றலாம், வேண்டாமென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். முடிவில் நல்ல சீட்டு வைத்திருப்பவனோ, மற்ற எல்லோரும் ஒதுங்கிவிடத் தனியே நிற்பவனோ, நடுவில் சேர்ந்த பணத்தை எடுத்துக்கொள்கிறான். ஆகவே நல்ல சீட்டு இல்லாமலும் ஜெயிக்கலாம். நல்ல சீட்டு வைத்துக்கொண்டே தோற்கவும் செய்யலாம்.

பழகாதவன் தன் சீட்டைப் பார்த்துப் பந்தயம் வைக்கிறான். தேர்ந்தவன் தன் பந்தயத்துக்கு எதிரி என்ன செய்வான் என்பதைப் பார்த்து வைக்கிறான். நியாயமான பந்தயத்துக்கு மூன்று நோக்கங்களே உண்டு. தன்னைவிடத் தாழ்ந்த சீட்டு வைத்திருப்பவன் பணம் கட்டி உடன்வர வேண்டும் என்பது ஒன்று. தன்னைவிட உயர்ந்த சீட்டு வைத்திருப்பவன் அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பது மற்றொன்று. இப்பொழுது அவன் ஒதுங்கினாலும் லாபம், ஒதுங்காவிட்டால் வரப்போகும் சீட்டு தனக்குக் கைகொடுத்தாலும் லாபம் என்ற இரட்டைக் கணக்கு மூன்றாவது. இம்மூன்றில் ஒன்றும் இல்லாமல், தாழ்ந்தவன் ஒதுங்கி உயர்ந்தவன் மட்டுமே உடன்வரக்கூடிய இடத்தில் வைக்கும் பந்தயம் பணத்தைத் தெருவில் எறிவதற்குச் சமானம். தோற்கிறவர்கள் வைக்கும் பந்தயங்களில் பெரும்பாலானவை இந்த ரகமே. "எதற்காக வைத்தாய்?" என்று கேட்டால், "நல்ல சீட்டாகத் தோன்றியது" என்பார்கள், "எவ்வளவோ போய்விட்டது, இதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்" என்பார்கள். இரண்டாவது பதில்தான் குடும்பங்களை அழிப்பது.

வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, வரக்கூடிய பதில்களையும் ஒவ்வொன்றின் விளைவையும் எண்ணாமல் ஒரு கேள்வியையும் கேட்கலாகாது. ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டால் ஜெயித்திருக்கக்கூடிய வழக்கை, வீண் கேள்வி ஒன்றைக் கேட்டுத் தோற்ற வக்கீல்களை எல்லாக் கோர்ட்டுகளிலும் காணலாம்.

அடுத்த சீட்டு

நோக்கத்தோடு இணைபிரியாதது முன்யோசனை. கணக்கோடு சொன்னால் விளங்கும்.

ஒருவனிடம் இஸ்பேட் ஜாதியில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. பொதுவில் திறந்த நான்கில் மேலும் இரண்டு இஸ்பேட். இன்னும் ஓர் இஸ்பேட் விழுந்தால் அவன் வெற்றி உறுதி என்று வைத்துக்கொள்வோம். அவன் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. அவற்றுள் இஸ்பேட் 9. நடுவில் 100 ரூபாய் கிடக்க, எதிரி மேலும் 100 ரூபாய் கட்டுகிறான். ஈடுகட்டினால் 100 ரூபாய் கொடுத்து 200 ரூபாய்க்கு ஆசைப்படுவதாகும். இதே நிலைமை 46 தடவை வந்தால், 9 தடவை 200 வீதம் 1,800 ரூபாய் வரும். 37 தடவை 100 வீதம் 3,700 ரூபாய் போகும். மொத்தத்தில் 1,900 ரூபாய் நஷ்டம். கடைசிச் சீட்டுக்குப் பின் எதிரியிடமிருந்து இன்னும் பணம் கறக்க வழியிருந்தாலன்றி இந்த 100 ரூபாயைக் கட்டலாகாது. ஆசை சொல்வது வேறு, கணக்கு சொல்வது வேறு.

இன்னொன்று. நடுவில் 100 ரூபாய். இருவரிடமும் கைவசம் 1,300 ரூபாய் வீதம் இருக்கிறது. தேர்ந்தவனிடம் உயர்ந்த சீட்டு. எதிரியின் பணம் முழுவதையும் வாங்க நினைக்கிறான். முதல் மூன்று சீட்டு திறந்ததும் 100 கட்டி எதிரி உடன்வந்தால் நடுவில் 300 ஆகும். நான்காவது சீட்டுக்கு 300 கட்டினால் 900 ஆகும். ஐந்தாவதற்கு 900 கட்டலாம். நூறும் முந்நூறும் தொள்ளாயிரமும் சேர்ந்து சரியாக 1,300. முதல் கட்டத்தில் சும்மா இருந்துவிட்டானேயானால், அதே வீதத்தில் மிச்சமுள்ள இரு கட்டங்களிலும் 400 ரூபாய்தான் வாங்க முடியும். கடைசிக் கட்டத்தில் செய்யப்போவதை முதல் கட்டத்திலேயே தீர்மானித்தவனுக்கும் தீர்மானிக்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் 900 ரூபாய். சீட்டு இருவருக்கும் ஒன்றே.

பொய்ப் பந்தயத்திலும் இதே முறை உண்டு. கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928-லேயே விளையாட்டுகளைப் பற்றிய கணிதக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1944-ல் ஆஸ்கார் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதாரப் பண்டிதருடன் சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கே தனி இடம் கொடுத்தார். பலமில்லாதபோது பலமிருப்பதாகக் காட்டுவது பொய்ப் பந்தயத்தின் ஒரு பயன். அதைவிட முக்கியமான இன்னொரு பயனும் உண்டு. ஒருபோதும் பொய் சொல்லாத ஆட்டக்காரன் கட்டினால் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். அவனுடைய நல்ல சீட்டுக்கு யாரும் பணம் கொடுக்கமாட்டார்கள். சில வேளை பொய்யும் சொல்வான் என்று தெரிந்தால்தான் மெய்யான பலத்துக்கும் விலை கிடைக்கும். வீரத்தனமென்று வெளியார் நினைப்பது உண்மையில் விகிதக் கணக்கு.

இது வெறும் அதிர்ஷ்டமன்று என்பதற்கு இயந்திரங்களே சாட்சி. கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையில் உருவான லிப்ராட்டஸ் என்னும் கணிப்பொறித் திட்டம் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி அவர்களைத் தோற்கடித்தது. 2019-ல் புளூரிபஸ் என்னும் திட்டம் ஆறு பேர் ஆடும் மேஜையிலும் ஜெயித்தது. வெறும் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டத்தில் ஓர் இயந்திரம் இவ்வாறு தொடர்ந்து ஜெயிக்க வழியில்லை. ஆகவே சென்னை ஹைகோர்ட் சொன்னதில் பிழையில்லை.

சகுனியின் சாமர்த்தியம்

ஆனால் இங்கேதான் வாதம் தலைகீழாகிறது. சாமர்த்தியம் உண்டு என்பதாலேயே குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா?

லிப்ராட்டஸின் திறமையை நிரூபிக்க 1,20,000 ஆட்டங்கள் வேண்டியிருந்தன என்பதை மறக்கலாகாது. பத்து ஆட்டங்களில், ஓர் இரவில், அதிர்ஷ்டமே அரசன். அன்று மூடனும் ஜெயிப்பான். ஜெயித்ததைத் தன் சாமர்த்தியம் என்று நம்புவான். திறமை நெடுங்காலத்துக்கு உரியது; வாங்கிய கடனோ நாளைக் காலையில் வாசலில் வந்து நிற்பது. நெடுங்காலம் வருமுன்பே கைப்பணம் தீர்ந்துபோகிறவனுக்கு, "நெடுங்காலத்தில் திறமையே வெல்லும்" என்ற சட்ட வசனத்தால் என்ன பயன்?

மேலும், போக்கர் மேஜையில் புதிதாக ஒரு செல்வமும் உற்பத்தியாவதில்லை. ஒருவன் பெறுவது மற்றொருவன் இழந்தது. அதிலும் மேஜை போட்டவன் ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறான். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் 300 ஆட்டங்கள்; ஆட்டத்துக்குச் சராசரி 200 ரூபாய் நடுவில் சேருகிறது; மேஜைக்காரன் எடுப்பது நூற்றுக்கு ஐந்து. அவனுக்குப் போவது 3,000 ரூபாய். ஆறு பேர் கொண்டுவந்த 6,000-ல் பாதி மறைந்தது. ஆறு பேரும் சமமான சாமர்த்தியசாலிகளாக இருந்தால் ஆறு பேரும் தோற்பார்கள். ஒருவன் ஜெயிக்க வேண்டுமென்றால், மற்றவர்கள் இழப்பது அவன் லாபத்துக்கும் மேஜைக்காரனின் பங்குக்கும் சேர்த்துப் போதுமானதாக இருக்க வேண்டும். அதாவது, சாமர்த்தியம் பிழைப்பதற்கு அறியாமை ஓயாமல் வந்து சேர்ந்துகொண்டேயிருக்க வேண்டும். அறியாதவர்களை அழைத்துவருவதுதான் விளம்பரத்தின் வேலை.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர் இணையத்தில் சில பத்து டாலர் கட்டி நுழைவு பெற்று, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அக்கதை உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்களை இணைய மேஜைகளுக்கு இழுத்தது. அப்போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் கதையை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

கைப்பேசி இதைப் பன்மடங்காக்கிற்று. நேரில் ஆடும் மேஜையில் சீட்டைக் கலைத்துப் போட்டு முடிப்பதற்குள் சற்றே மூச்சுவிட நேரமுண்டு; எதிரியின் முகத்தைப் பார்க்கலாம்; "போதும், எழுந்திரு" என்று தோளைத் தொடும் நண்பன் இருப்பான். கைப்பேசியில் ஆட்டம் முடிந்த கணமே அடுத்தது வந்து நிற்கிறது. ஒரே சமயத்தில் நான்கு மேஜைகளிலும் உட்காரலாம். எதிரே இருப்பது மனிதனா, இயந்திரமா என்பதும் தெரியாது. மனைவி மக்கள் உறங்குகிறார்கள்; கடன் கொடுக்கவும் அதே கைப்பேசியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். யோசனைக்கு அவகாசம் கொடுக்காத இடத்தில் முன்யோசனையை விற்பதாகச் சொல்வது வேடிக்கையன்றோ?

பாரதக் கதையில் சூதாடத் தெரியாத தருமன் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தயம் வைத்தான். எதற்காக வைக்கிறோம் என்று அவன் ஒரு தடவையும் கேட்டுக்கொள்ளவில்லை. இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்த பின்பும், அழைத்ததும் மறுபடியும் போய் உட்கார்ந்தான். எதிரே சகுனி இருந்தான். சகுனியிடம் சாமர்த்தியம் இருந்தது என்பதால் அந்தச் சபையில் நடந்தது நியாயமாகிவிட்டது என்று யாராவது சொன்னதுண்டா?

சத்தியநாராயணா வழக்கில் ரம்மியைச் சாமர்த்திய ஆட்டம் என்று சொன்ன அதே தீர்ப்பு, ஆட்டத்தை நடத்தும் கிளப்பு அதிலிருந்து லாபம் சம்பாதிப்பதாக நிரூபணமானால் குற்றம் சாட்ட இடமுண்டு என்றும் சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் முதல் பாதியை ஜபம் செய்கின்றன; இரண்டாம் பாதியை மறந்துவிட்டன. நமது அபிப்பிராயத்தில் சரியான அளவுகோல் இந்த இரண்டாம் பாதியே. ஆட்டத்தில் சாமர்த்தியம் எவ்வளவு என்பதை அளந்துகொண்டிருப்பதைவிட, பிறர் தோல்வியை யார் தொழிலாக நடத்துகிறார்கள் என்று பார்ப்பது மேல்.

"வயது வந்தவன் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி செலவிட உரிமை இல்லையா?" என்று கேட்கிறார்கள். அற்பமான கேள்வியன்று, தனிமனித சுதந்திரத்தில் நம்பிக்கையுள்ள எவரும் இதைத் தட்டிவிட்டுப் போகலாகாது. நான்கு நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து சில்லறை வைத்து ஆடினால் சர்க்கார் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவனுடைய பலவீனத்தைக் கணக்கெடுத்து, அவன் எந்த நேரத்தில் தளர்வான் என்று தெரிந்து, அந்த நேரத்தில் போனஸ் கொடுத்து அழைக்கும் ஸ்தாபனத்துக்கு அவனுடைய சுதந்திரத்தின் பெயரால் பேச உரிமையில்லை.

பார்லிமெண்டின் பந்தயம்

இனி சட்டம் செய்தவர்களிடம் வருவோம். தடை என்பதும் ஒரு பந்தயமே. சர்க்காரின் கௌரவமும், பல்லாயிரம் பேரின் பிழைப்பும், ஆட்டத்தில் சிக்கியவர்களின் கதியும் அதில் பணயம். இந்தப் பந்தயத்துக்கு எதிரி என்ன செய்வான் என்று யோசித்தார்களா?

முதலில், சர்க்காரே தன் நோக்கத்தை நிலையாக வைத்திருக்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் இவ்விளையாட்டுகளில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. விதித்தார்கள். தீமை என்றால் வரி வாங்கலாமா? நன்மை என்றால் ஒழிக்கலாமா? இரண்டு வருஷம் ஈடுகட்டி உடன்வந்துவிட்டு, பிறகு சீட்டைக் கீழே போட்ட ஆட்டக்காரனின் செய்கை இது. ஒன்று முன்பே ஒதுங்கியிருக்க வேண்டும்; இல்லையேல் கட்டியதற்கு ஒரு திட்டம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் அனுபவம் கண்முன் இருக்கிறது. 2006-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செலுத்துவதைத் தடுக்கும் சட்டம் செய்தது. லண்டன் பங்கு மார்க்கெட்டில் பதிவாகி, கணக்கு வழக்கு காட்டிவந்த பார்ட்டி கேமிங் கம்பெனி உடனே அமெரிக்காவை விட்டு விலகிற்று. சட்டத்துக்குப் பயந்தவன் போனான். பயப்படாதவர்கள் கடல் கடந்த தீவுகளிலிருந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2011 ஏப்ரல் 15-ந் தேதி மூன்று பெரிய தளங்களின் முதலாளிகள்மீது அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடர்ந்தபோது உண்மை வெளிவந்தது. ஃபுல் டில்ட் என்னும் தளம் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். அதன் பாங்கிக் கணக்கில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான் என்று சர்க்கார் வக்கீல்கள் கோர்ட்டில் கூறினார்கள். பின்னர் 2013-ல் நியூ ஜெர்சி, நெவாடா, டெலவேர் ஆகிய ராஜ்யங்கள் லைசென்ஸ் முறைக்கே திரும்பின.

அமெரிக்கா வரை போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி ஒழிக்கப்பட்டது. கடைகள் மூடின, ஏழைக் குடும்பங்கள் பல பிழைத்தன, அது நல்ல காரியமே. ஆனால் மூன்று நம்பர் லாட்டரி விற்றவர்கள் கைது என்ற செய்தி அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் மூடிய கதவு சந்தில் திறந்தது. அதற்கிடையே பக்கத்துக் கேரளத்தில் ராஜாங்கமே 1967 முதல் லாட்டரி நடத்திவருகிறது. சாமர்த்தியம் கலந்த சீட்டாட்டம் குற்றம்; முழுதும் அதிர்ஷ்டமான லாட்டரி ராஜாங்க வருமானம். இந்த முரண்பாட்டுக்குப் பார்லிமெண்டில் பதில் சொல்லியிருக்க வேண்டாமா? சூதாட்டம் அரசியலமைப்பில் ராஜ்யங்களின் பட்டியலில் 34-ஆவது இனமாக இருக்கையில், மத்திய சர்க்கார் எந்த அதிகாரத்தில் இதைச் செய்கிறது என்பதை வக்கீல்கள் கோர்ட்டில் வாதிக்குமுன் அங்கத்தினர்கள் சபையில் வாதித்திருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதைக் கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் வைத்தார். அதே பொருட்பாலில் தெரிந்து செயல்வகைக்கும் தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். சூதை விலக்கு என்பதோடு, விலக்குவதையும் யோசித்துச் செய் என்று இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். கோர்ட்டில் தீர்ப்பு எப்படியாயினும், பின்வருவன அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

சர்க்கார் ஆறு மாதத்துக்கொருமுறை கணக்கு வெளியிட வேண்டும். எத்தனை வெளிநாட்டுத் தளங்கள் தடுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை வேறு பெயரில் முளைத்தன, பாங்கிகள் மூலமாகவும் மறைவழிகளிலும் பணம் எப்படிப் போகிறது என்பவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பலனை அளக்காத சட்டம் கணக்கெழுதாத ஆட்டக்காரனைப் போன்றது, ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

சட்டம் ஆடுகிறவனைத் தண்டிக்கவில்லை என்பது மெச்சத்தக்கது. ஆனால் தண்டிக்காமல் விடுவது மட்டும் உதவியாகாது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பது ஒரு வியாதி. ஜில்லா ஆஸ்பத்திரிகளில் அதற்குச் சிகிச்சை வேண்டும். கைப்பேசி வழியே அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்து மிரட்டுகிறவர்களை முதலில் பிடிக்க வேண்டும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தோல்வியன்று. தோல்விக்குப் பின் வரும் கடன்காரனின் குரல்.

ஜில்லா தோறும் ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தடைச் சட்டம் வந்ததும் வெற்றி விழாக் கொண்டாடிவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விடலாகாது. உங்கள் தெருவில் புதிய பெயரில் ஒரு தளத்துக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு யார் என்று போலீஸாரைவிட உங்களுக்கு முன்பே தெரியும். நள்ளிரவில் விளக்கு எரியும் அறை எது என்பதும் தெரியும். அந்த அறைக்குள் இருக்கும் இளைஞனிடம் நீதி போதனை செய்ய வேண்டாம். ஒரு காகிதத்தை எடுத்து, இதுவரை கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதச் செய்யுங்கள். அதன் கீழே, "அடுத்த பந்தயம் எதற்காக?" என்ற கேள்வியையும் எழுதச் சொல்லுங்கள். போக்கரில் தேர்ந்தவன் ஒவ்வொரு தடவையும் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அதுவே. அதற்கு உண்மையான விடை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மேஜையை விட்டு எழுந்துவிடுவார்கள்.

டில்லியில் இருப்பவர்களும் அதே காகிதத்தில் அதே கேள்விக்கு விடை எழுத வேண்டும். சட்டம் வைத்த முதல் பந்தயம் விழுந்துவிட்டது. அடுத்த சீட்டு திறக்குமுன் யோசிக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.